கூண்டு ஏறுவதற்கு முன்



2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்றொரு மீனவர் கிராமம். சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், சுமத்ரா நிலநடுக்கச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பேசினார். கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உடனே வெளியேறும்படியும் ஊராருக்குச் சொல்லும்படியும் அவர் சொன்னார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது. அன்று விடுமுறை, மையம் பூட்டிக் கிடந்தது. கதவை உடைத்து உள்ளே போனவர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,500 பேருக்கு மேல் பிழைத்துக்கொண்டார்கள்.

அதே காலையில் தமிழ்நாட்டுக் கரையோரத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். நிலம் நடுங்கியது நம் கடிகாரத்தில் காலை 6.28க்கு, அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நேரம் இருந்தது, சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு எதுவும் கிடையாது.

நல்லவாட்டு ஒலிபெருக்கி சுனாமிக்காக வாங்கியதல்ல. இன்று அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று மீனவர்களுக்கு அன்றாடம் சொல்வதற்காக வைத்தது. எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது, அதில் வரும் குரலை நம்பலாமா என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். புழக்கத்தில் இருந்த கருவி என்பதால்தான் அது அந்த நேரத்துக்கு உதவியது. ஒரு மாவட்டத்தின் பேரிடர் நிர்வாகம் எப்படித் தயாராகிறது, எங்கே வெல்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைப் பேச வந்த இந்த உரையின் அடிப்படையும் இதுவே: சாதாரண நாளில் நடமாட்டத்தில் உள்ள பட்டியலும் பழக்கமும் ஆளும்தான் புயல் நாளில் கைகொடுக்கின்றன.

யார் இந்த நிர்வாகம்? சுனாமிக்கு அடுத்த ஆண்டு, 2005 டிசம்பரில், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. நாட்டளவில் பிரதமர், மாநில அளவில் முதலமைச்சர், மாவட்ட அளவில் ஆட்சியர் என்று மூன்று அடுக்கு ஆணையங்கள். மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். மக்கள் தேர்ந்தெடுத்த மாவட்ட ஊராட்சித் தலைவர் இணைத் தலைவர். காவல் கண்காணிப்பாளரும் மருத்துவத் துறைத் தலைமை அலுவலரும் உறுப்பினர்கள். ஆணையம் என்ற பெயரைக் கேட்டதும் தனிக் கட்டிடம், தனிப் படை என்று தோன்றலாம். உண்மையில் மாவட்டத்தில் ஏற்கெனவே வேலை பார்க்கும் வருவாய், காவல், தீயணைப்பு, மின்சாரம், பொதுப்பணி, சுகாதாரம், உணவு வழங்கல் ஆகிய துறைகள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவதுதான் அது. சீருடையோடு வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு நம் பக்கத்து முகாம் அரக்கோணத்தில் இருக்கிறது. அவர்கள் வந்து சேரும்வரை ஊரில் இருப்பவர் கிராம நிர்வாக அலுவலர்தான்.

மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் எழுத்து வடிவத்தில் ஒரு பேரிடர்த் திட்டம் வேண்டும், அதை ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் அந்தத் திருத்தத்துக்கு ஒரு பருவம் உண்டு. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. புயல்களும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான். ஆகவே வெயில் குறையாத செப்டம்பரிலேயே ஆட்சியர் அலுவலகங்களில் ஆய்வுக் கூட்டங்கள் தொடங்கிவிடும்.

கூட்டத்தில் என்ன பேசுவார்கள்? முதலில் இடங்கள். 2020இல் தமிழ்நாட்டில் பாதிப்புக்குள்ளாகக்கூடியவை என்று கண்டறிந்த பகுதிகள் 4,133. அவற்றை ஒரே தட்டில் வைக்கவில்லை. மிக அதிக பாதிப்புக்குரியவை 321, அதிகம் 797, நடுத்தரம் 1,096, குறைவு 1,919 என்று தரம் பிரித்தார்கள். படகு நூறு இருந்து ஊர் ஆயிரம் இருந்தால் முதல் படகு எங்கே போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கும் பட்டியல் இது. அடுத்தது ஆட்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மண்டலக் குழு, அதற்கு ஒரு பொறுப்பு அலுவலர், உள்ளூரில் முதல்நிலை மீட்பாளர்கள். இப்படிப் பெயர் பதிந்த மீட்பாளர்கள் மாநிலத்தில் 40,000 பேருக்கு மேல். மூன்றில் ஒருவர் பெண். விழுந்த மரத்தை அறுக்க ஒரு குழு, ஆடுமாடுகளைக் காக்க ஒரு குழு என்று வேலையும் பிரிந்திருக்கிறது.

பெண்கள் ஏன் அவசியம்? சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் 391 பேர் பெண்கள், 146 பேர் ஆண்கள் என்று ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005இல் கணக்குக் காட்டியது. அலை வந்த நேரத்தில் பெண்கள் மீனை எதிர்பார்த்துக் கரையில் நின்றார்கள், அல்லது வீட்டில் குழந்தைகளோடு இருந்தார்கள். நீந்தவோ மரமேறவோ யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. எச்சரிக்கை சொல்லவும் முகாமை நடத்தவும் பெண்கள் இருந்தால்தான் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, மாதவிலக்குத் துணி கையிருப்பில் உள்ளதா என்ற கேள்விகள் அந்த மேசைக்கு வரும்.

பிறகு பொருள்கள். மணல் மூட்டை, சவுக்குக் கம்பம், மர அறுப்பு இயந்திரம், ஜேசிபி, ஜெனரேட்டர், படகு, பால் பவுடர், குளோரின். இவை எங்கே இருக்கின்றன, யாரிடம் வாடகைக்குக் கிடைக்கும், ஓட்டுநர் யார் என்பதுவரை எழுதவேண்டும். பேறுகாலம் நெருங்கிய பெண்களின் பட்டியலைக் கிராம செவிலியர் வைத்திருப்பார். புயல் வருகிறது என்றால் அவர்களை முன்னதாகவே மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் யார் யார் என்பதும் தெரிந்தாக வேண்டும். கரையோரத்தில் கட்டியிருக்கும் 121 பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் போதாத இடங்களில் பள்ளிக்கூடமும் கல்யாண மண்டபமும் முகாம் ஆகும். முகாம் ஆகப்போகும் பள்ளியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா, சாவி யாரிடம் இருக்கிறது? பத்திரிகைச் செய்தியாக வராத சின்ன விஷயங்கள் இவை. ஆனால் மழை கொட்டும் நள்ளிரவில் குழந்தையோடு வந்து நிற்பவர்களுக்கு இவற்றைவிடப் பெரிய விஷயம் வேறில்லை.

இனி எச்சரிக்கை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் நம் செய்திகளில் முதலில் வருவது துறைமுகக் கூண்டு. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் ஏற்றிக் கப்பல்களுக்குச் சொல்லும் பழைய ஏற்பாடு இது. ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள ஆபத்துக்கு; மூன்றும் நான்கும் துறைமுகத்திலேயே மோசமான வானிலை வரலாம் என்பதற்கு; ஐந்து முதல் ஏழு வரை அபாயம்; எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். மேலிருந்து தகவல் வராமல் போகும் என்பதையும் ஒரு நிலையாக எண்ணி, அதற்கும் எண் கொடுத்திருக்கிறார்கள்.

கப்பலுக்குச் சொல்வது ஒன்று, கரையில் இருப்பவருக்குச் சொல்வது வேறு. வானிலைத் துறை 72 மணி நேரம் முன்பே மாவட்டங்களை உஷார்ப்படுத்துகிறது. 48 மணி நேரம் முன்பு எச்சரிக்கை வலுக்கிறது. 24 மணி நேரம் முன்பு கரை கடக்கும் இடத்தையும் காற்றின் வேகத்தையும் சொல்கிறது. 12 மணி நேரம் முன்பு, கரை கடந்த பிறகு உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்று சொல்கிறது. சென்னை எழிலகத்தில் உள்ள மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் இதை வாங்கி மாவட்டங்களுக்கு அனுப்புகிறது. மக்கள் அழைக்க மாநிலத்துக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. கைபேசிக்கு நேராகக் குறுஞ்செய்தி வருகிறது. 2018இல் டிஎன்ஸ்மார்ட் என்ற செயலியும் வந்தது. ஊருக்குள் தண்டோரா போடுவதை 2022இல் அரசு நிறுத்தச் சொல்லி, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்ல உத்தரவிட்டது.

இத்தனை வழிகள் இருந்தும் செய்தி போய்ச் சேராத இடம் ஒன்று உண்டு: ஆழ்கடல். 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே ஒக்கிப் புயல் ஆகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் அதற்குப் பல நாள் முன்பே கடலுக்குப் போனவர்கள். கரையில் ஏற்றிய கூண்டு அவர்கள் கண்ணில் படாது. கைபேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது. தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு துக்கம். அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே செய்தி அனுப்பும் கருவிகள் வேகம் பிடித்தன. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2019இல் ஜெமினி என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. சுனாமி எச்சரிக்கை நிலையமும் 2007 முதல் அதே வளாகத்தில்தான் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது சில நிமிடங்களில் அறிவிப்பு வந்துவிட்டது. தமிழகக் கரையில் மக்கள் மேட்டுக்குப் போனார்கள். நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நழுவிய நடுக்கம் அது. பெரிய அலை எழவில்லை, மாலைக்குள் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள்.

காற்றைப் பற்றிய எச்சரிக்கை எளிது. தண்ணீரைப் பற்றியது சிக்கலானது. 2015 டிசம்பர் 1 காலை சென்னையை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேறிய நீர் நொடிக்கு ஆயிரம் கனஅடியை ஒட்டி இருந்தது. மாலைக்குள் அது 29,000 கனஅடி. அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அந்த நீர் போகும் அடையாற்றில் மற்ற ஏரிகளின் உபரியும் சேர்ந்தது. கனஅடிக் கணக்கில் அறிவிப்பு வந்தது உண்மைதான். ஆனால் 29,000 கனஅடி என்றால் கோட்டூர்புரத்தில் எந்த மாடிவரை தண்ணீர் ஏறும், ஜாபர்கான்பேட்டையில் எந்தத் தெரு மூழ்கும் என்பதை அந்த எண் சொல்லவில்லை. இருட்டிய பிறகு வந்த வெள்ளத்தில் மக்கள் மொட்டை மாடியில் நின்றார்கள். நீர் திறந்த விதத்தைக் கணக்குத் தணிக்கை அறிக்கையும் பின்னர் குறை சொன்னது.

ஐந்தாண்டு கழித்து, 2020 நவம்பர் 25, நிவர் புயல் வரும் நாள். 24 அடி உயரமுள்ள அதே ஏரியில் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதுமே, நண்பகலில், முதலில் 1,000 கனஅடி மட்டும் திறந்தார்கள். அடையாற்றுக் கரையோரத்தில் இருப்பவர்களுக்குப் பகல் வெளிச்சத்திலேயே தகவல் போனது. இரவுக்குள் படிப்படியாகக் கூட்டினார்கள். மாநிலம் முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு வந்திருந்தார்கள். ஏழு மாவட்டங்களில் முதல்நாளே பேருந்துகள் நின்றன. 2020இன் மழை 2015 அளவுக்கு இல்லை என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. ஆனாலும் ஏரியை நிரம்பவிட்டுத் திறப்பதற்கும் இடம் வைத்துத் திறப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறியாளர்கள் மனத்தில் 2015 ஆழமாகப் பதித்திருந்தது.

தண்ணீருக்கு இன்னொரு குணம்: மாவட்ட எல்லை அதற்குத் தெரியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். அடுத்த நாள் கடலிலிருந்து வெகுதொலைவில், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். ஊத்தங்கரைப் பக்கத்து மழை தென்பெண்ணைக்கு வந்து, திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணைக்குப் பாய்ந்தது. டிசம்பர் 2 விடியலுக்குள் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி வெளியேறியது. மூழ்கியவை விழுப்புரம், கடலூர் மாவட்டத்து ஊர்கள். திருச்சி–சென்னை நெடுஞ்சாலை அரசூர் அருகே துண்டிக்கப்பட்டது. ஒரு மாவட்டத்தில் பெய்து, இன்னொன்றில் தேங்கி, வேறு இரண்டில் கரை உடைக்கும் வெள்ளத்துக்கு நான்கு ஆட்சியர்கள் ஒரே இரவில் ஒருவரோடொருவர் பேசவேண்டும். அதே நாள்களில் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் மண்ணுக்குள் புதைந்தார்கள். புயல் என்றால் கடலோரம் என்று பழகிப்போன உள்மாவட்டங்களின் திட்டங்கள் இன்னும் எவ்வளவு விரிவடைய வேண்டும் என்பதை அந்த மூன்று நாள்கள் காட்டின.

கரை கடக்கும் இரவுக்கு வருவோம். 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அதற்குள் 80,000 பேரை முகாம்களில் சேர்த்திருந்தார்கள். இல்லையென்றால் அந்தக் காற்றின் வேகத்துக்கு உயிரிழப்பு இன்னும் பல மடங்கு இருந்திருக்கும் என்பதே பலருடைய கணிப்பு. எல்லாத் தரப்பிலிருந்தும் அரசுக்குப் பாராட்டு வந்தது.

பாராட்டு இரண்டு நாள் தாங்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. கைபேசிக் கோபுரங்கள் இல்லை. வேதாரண்யம் பக்கம் சாலையெல்லாம் மரம். தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர் மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு படுத்துக் கிடந்தன. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. மோட்டார் ஓடாததால் குடிக்கத் தண்ணீர் இல்லை. மக்கள் சாலை மறியலில் உட்கார்ந்தார்கள். பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, வயல் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள். சில ஊர்களுக்கு வெளிச்சம் வர வாரக்கணக்கில் ஆனது. உயிரைக் காக்கும் ஏற்பாடு வேறு, வாழ்க்கையைத் திரும்ப எழுப்பும் ஏற்பாடு வேறு என்பதைக் கஜா பிரித்துக் காட்டியது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று விதி இருக்கிறது; நட்டு ஏழெட்டு ஆண்டு காத்துக் காய்க்கவைத்த தென்னை போனவருக்குப் போன ஆண்டுகளை எந்த விதியாலும் கணக்கிட்டுத் தரமுடியவில்லை.

பேரிடருக்குப் பின் வரும் உதவியும் ஒரு வெள்ளம்தான். சுனாமி முடிந்த சில நாள்களில் நாகப்பட்டினச் சாலையோரங்களில் பழைய துணிகள் மலையாகக் குவிந்தன. மீனவர்கள் அவற்றைத் தொடவில்லை. அப்புறப்படுத்துவதே நிர்வாகத்துக்குத் தனி வேலையாகிப் போனது. நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் ஒரே ஊருக்குப் போக, உள்ளே தள்ளியிருந்த ஊர்கள் பட்டினி கிடந்தன. அப்போது ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று 2005 ஜனவரியில் தொடங்கியது. மீனவர் கூட்டமைப்பான சிஃப்ஸும் நாகையில் நெடுங்காலம் வேலை செய்துவந்த சினேகா அமைப்பும் அதற்கு அடித்தளம். எந்த ஊருக்கு என்ன வேண்டும், யார் ஏற்கெனவே போயிருக்கிறார்கள் என்று காலையும் மாலையும் பட்டியல் போட்டார்கள். தஞ்சையிலிருந்து நாகைக்கு ஆட்சியராக வந்த ஜெ. ராதாகிருஷ்ணன் காலத்தில் அரசும் தொண்டர்களும் ஒரே தகவலை வைத்து வேலை செய்ய இது வழிவகுத்தது. அவ்வளவு உடல்கள், அவ்வளவு நெருக்கமான முகாம்கள் இருந்தும் பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. அது தடுப்பூசிக்கும் குளோரினுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் சேரவேண்டிய பெருமை.

திட்டம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அதைத் தாண்டும் நாள் வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியே அதைவிடக் குறைவு. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. ஏறத்தாழ 800 பயணிகள். சிலரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் இரண்டு இரவுகளை ரயிலிலேயே கழித்தார்கள். விமானப் படை ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலம் போட்டது. அதற்கு முன்பே பக்கத்து ஊர் மக்கள் தங்கள் ஊரும் மழையில் கிடக்க, கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2015இல் சென்னைத் தெருக்களில் மீனவர்கள் தங்கள் படகுகளோடு இறங்கியதும் இதே வகை. அரசு எட்டுவதற்கு முன் எட்டும் இந்தக் கைகளை மாவட்டத் திட்டங்கள் பெயரும் ஊரும் போட்டுப் பதிந்துவைக்கத் தொடங்கியிருக்கின்றன. தேசிய ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டம் இத்தகைய தன்னார்வலர்களுக்குப் பயிற்சியும் மீட்புக் கருவிகளும் கொடுக்கிறது.

சட்டமும் மாறியிருக்கிறது. 2025இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மாநிலத் தலைநகரத்துக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனியாக நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்கலாம். மாநகராட்சி ஆணையர் அதற்குத் தலைவர், மாவட்ட ஆட்சியர் துணைத் தலைவர். நகரத்தின் மழைநீர் வடிகாலும் சுரங்கப் பாதையும் தெருவிளக்கும் ஆணையர் கையில் இருப்பதால் இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நகரத்துக்கு வரும் தண்ணீர் நகரத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. செம்பரம்பாக்கம் இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில், அதன் மதகைத் திறப்பது நீர்வளத் துறை, மூழ்குவது சென்னை. புதிய ஆணையம் எந்த நேரத்தில் யாரை அழைக்கும், மதகு திறக்கும் முடிவை எத்தனை மணி நேரம் முன்னதாகக் கேட்டுப் பெறும், அதை எந்தெந்தத் தெருப் பெயராக மாற்றிச் சொல்லும் என்பவை இனி எழுதவேண்டிய விதிகள். மாவட்டங்களின் பேரிடர்த் திட்டங்கள் பல அவற்றின் இணையதளங்களிலேயே கிடைக்கின்றன. அவையோர் தத்தம் மாவட்டத் திட்டத்தை எடுத்து, தங்கள் பகுதி எந்தத் தரப் பட்டியலில் இருக்கிறது, மண்டலப் பொறுப்பு அலுவலர் யார், முகாம் எது என்று பார்க்கலாம். தவறு இருந்தால், பெயர் மாறியிருந்தால், இடிந்துபோன பள்ளி இன்னும் முகாமாகவே பதிவாகியிருந்தால், செப்டம்பர் ஆய்வுக் கூட்டத்துக்கு முன் வட்டாட்சியருக்கு எழுதுங்கள். அந்த ஆண்டுத் திருத்தத்திலேயே அதைச் சேர்த்துவிடலாம்.